போன்சாய் கட்டர் துருப்பிடித்தால் புதுசு வாங்க வேண்டுமா?

செங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். ஆன்லைனில் பத்து உருப்படி கொண்ட போன்சாய் கிட் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கினாராம். சாரல் தொடங்கி இரண்டே வாரத்தில் அதிலிருந்த கான்கேவ் கட்டர், அதாவது கிளையை வெட்டிய இடத்தில் சின்னக் குழி விழும்படி வெட்டும் வளைந்த அலகுக் கருவி, துருவேறிவிட்டது. குத்துவிளக்கு துலக்குகிற ஞாபகத்தில் அதைப் புளிக்கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டிருக்கிறார், துருவோடு சேர்ந்து கறுப்புப் பூச்சும் போய்விட்டது, இப்போது பிடியை விரிக்கவே இரண்டு கை வேண்டியிருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஜப்பான் ஸ்டீல்' வாங்கட்டுமா என்பது கேள்வி. மாடியில் இருப்பது நாலு ஆல், ஒரு புளி, ஒரு காகிதப்பூ.

வாங்க வேண்டாம் டீச்சர். அந்தக் கறுப்பு பெயிண்ட் இல்லை, இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய படலம். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான், இனி நீங்கள் கொஞ்சம் அடிக்கடி எண்ணெய் காட்ட வேண்டியிருக்கும். நிஜமான தொந்தரவு இரண்டு பாதியும் சேர்கிற ஆணியில் இருக்கிறது. அமிலம் அந்த இடுக்கில் தங்கி உள்ளேயே துருவைக் கிளப்புகிறது. பழைய டூத் பிரஷில் சோப்புத் தண்ணீரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் எடுத்து அங்கே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஹேர் ட்ரையர் பிடித்துக் காய வையுங்கள், அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஐம்பது தடவை திறந்து மூடுங்கள். காப்பி டிகாஷன் மாதிரி ஒன்று கசியும். துடைத்துவிட்டு மறுபடி இரண்டு சொட்டு. கசிவது தெளிந்த எண்ணெயாக வரும்வரை இதேதான். வினிகரில் ஊறப் போடச் சொல்லும் வீடியோக்காரர்கள் இந்த ஆணியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். நம் பக்கம் எல்லாரும் கேட்பதுதான். ஆணியில் விடவே கூடாது, நாளாக ஆக அது பிசினாகிக் கட்டிக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் நாலு ஆல் இருக்கிறது. ஆலங்கிளையை வெட்டினால் பால் வடிந்து அலகில் ரப்பர் போல ஒட்டும், அதில் மண்ணும் ஈரமும் சேரும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பலாப்பழம் அரியும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வோம் இல்லையா, அதே கணக்கு. வெட்டுவதற்கு முன்னால் அலகில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி, வெட்டி முடித்ததும் அதே எண்ணெயால் பாலை உருட்டி எடுத்துவிடுங்கள், பிறகு மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் தேங்காய் எண்ணெயையும் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் பூசுங்கள். அலகுக்குத் தேங்காய் எண்ணெய், அதுவும் தற்காலிகமாக. ஆணிக்கு மெஷின் எண்ணெய், எப்போதும். இதை மாற்றிச் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

இனி அந்த கிட். பத்து உருப்படியில் உங்களுக்கு வேண்டியது மூன்று: ஒரு நீள மூக்குக் கத்தரி, 8 அங்குல கான்கேவ் கட்டர், கம்பி வெட்டும் கட்டர். மீதி ஏழும் எண்ணிக்கைக்கு. பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டு உட்கார வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதே கிட்டை இரட்டை விலைக்குத் தலையில் கட்டுகிற 'மாஸ்டர்'களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் வேறு கதை: கொச்சியில் இறங்கிய ஜப்பான் சரக்கு என்பார்கள். சரி, அட்டையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இருந்து என்ன, நான் போன தடவை கேட்டபோது கடைக்காரர், "நீங்க வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றார். விதி போடுகிறவர்கள் ஒரு நாளாவது ஒரு நர்சரிக்குள் நுழைந்து பார்த்தால் தேவலை. ஏமாந்துவிட்டீர்கள் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண், பில் கையில் இருக்க வேண்டும்.

அட்டையைவிடக் கையை நம்புங்கள். கட்டரை மூடி லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள், அலகுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். நனைந்த நியூஸ்பேப்பரைக் கிழிக்காமல் வெட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்பதும் பொய், மெதுவாகப் பிடிக்கும்.

சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் அருவாளுக்குப் பழகியவர். சக்கரத்தில் பொறி பறக்கும்போது நுனி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போயிற்று; கான்கேவ் கட்டரில் ஒரு பக்கம் அரை மில்லி கூடுதலாகத் தேய்ந்தாலே இரண்டு வாயும் சேராது. என்னுடைய நல்ல கட்டர் ஒன்று இப்படித்தான் போய் இப்போது ஆணி பிடுங்க உதவுகிறது. கத்தரியை நீங்களே கல்லில் தீட்டலாம், சரிவான வெளிப்பக்கத்தை மட்டும்.

கட்டரின் பாதி ஆயுளைக் காப்பாற்றுவது வெட்டும் முறைதான். அலகின் அகலத்தில் பாதிக்கு மேல் கனமான கிளையைக் கான்கேவில் கொடுக்காதீர்கள், உங்கள் புளியின் காய்ந்த கொம்பென்றால் அதுவும் வேண்டாம், ரம்பம் எடுங்கள். கடித்துக்கொண்டு முறுக்கக் கூடாது. அதில் கம்பி வெட்டினால் வாயில் பல் விழும். வேருக்கு ஒரு பழைய கத்தரி தனியாக; மண்ணில் இருக்கும் மணல் எந்த ஜப்பானையும் மழுக்கும். இன்னொன்று, காகிதப்பூவுக்குக் கான்கேவால் லாபம் இல்லை. கான்கேவ் வெட்டிய குழியை ஆல் மூடிக்கொள்ளும், காகிதப்பூ பெரும்பாலும் மூடாது, தண்ணீர் தங்கி அழுகும்.

கிட்டோடு வந்த ரெக்சின் சுருட்டுப் பை பார்க்க அழகுதான், ஆனால் சாரலில் அது ஈரத்தைக் குடித்து உட்கார்ந்திருக்கும், உங்கள் துருவுக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இறுக மூடுகிற பிஸ்கட் டப்பாவில் எண்ணெய் தொட்ட துணியைச் சுற்றி கட்டரை வையுங்கள், மருந்துப் புட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் இரண்டு கூடவே போடுங்கள். பையில் உங்கள் திருத்துகிற பேனாக்களை வைத்துக்கொள்ளலாம்.