டீச்சரைக் கேளுங்கள்: போக ஆறரை, வர பதினைந்து மணி நேரமா?

கேள்வி: டீச்சர், லண்டனில் இருக்கும் மகள் எனக்கு ஜூலை மாதத்துக்கு டிக்கட் அனுப்பியிருக்கிறாள். கட்டுநாயக்காவில் பகல் 1.00 மணிக்கு ஏறினால் ஹீத்ரோவில் இரவு 7.40க்கு இறங்கலாமாம். திரும்பும்போது இரவு 8.40க்குப் புறப்பட்டு, மறுநாள் பகல் 11.45க்குத்தான் இங்கே வருமாம். வரும்போது சுற்றிக்கொண்டு வருமா? எனக்கு முழங்கால் வலி வேறு.
- பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. போவதும் வருவதும் 11 மணி நேரத்தை ஒட்டித்தான். டிக்கட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஜூலையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பிந்தி இருக்கும். நீங்கள் இறங்கும் 7.40க்கு உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நள்ளிரவு 12.10 காட்டும். பகல் ஒன்றிலிருந்து எண்ணுங்கள், 11 மணி 10 நிமிடம். அதேபோல அங்கே இரவு 8.40 என்றால் இங்கே விடியற்காலை 1.10. அதிலிருந்து 11.45 வரை 10 மணி 35 நிமிடம்.

மிச்சமுள்ள 35 நிமிடம் காற்றின் வேலை. விமானம் பறக்கும் பத்து கிலோமீற்றர் உயரத்தில், வழியின் பெரும்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று பலமாக வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும்.

தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். வகுப்பில் இதை நூல் வைத்துத்தான் காட்டுவேன். பன்னிரண்டு அங்குல உலக உருண்டையில் கொழும்பில் ஒரு பிள்ளை விரலை வைத்துக்கொள்ளும், லண்டனில் இன்னொன்று. இடையில் நூலை இழுத்துப் பிடித்தால் 21 சென்ரிமீற்றர் வரும். அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் கோடு போட்டால் அது கிடைக்காது.

முழங்காலுக்கு, நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள். ஒரு மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடங்கள். சக்கர நாற்காலி உதவியையும் மகளை முன்கூட்டியே பதியச் சொல்லுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

சரி, எனக்கு உண்மையில் கவலை ஆகாயம் இல்லை, கீழே உள்ள ரோடு. ஜூலை நமக்கு அடைமழை. என் தங்கச்சி குவைத்துக்குப் போன அன்று கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து, வேனுக்குள்ளேயே மூன்று மணி நேரம் கிடந்தோம். அவள் பாஸ்போட்டை மடியில் வைத்து, ஈரம் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தாள். கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். வழக்கமாகப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். நீங்கள் காலை 10 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். அதனால் முதல் நாள் பகலிலேயே நோர்வூட், ஹட்டன் வழியாக இறங்கி, இரவு நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.