அப்பாவின் கென்வுட்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கேள்வி: அப்பா ஹாம் ரேடியோவில் (லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) பேசிய கென்வுட் டிஎஸ்-520 செட், 25 வருடமாகப் பரணில் இருக்கிறது. இப்போது நானும் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதைச் சரிசெய்யலாமா, இல்லை புதிய செட் வாங்கிவிடலாமா?

பதில்: முதலில், ஆசையில் அதை பிளக்கில் செருகிவிடாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்களான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் சும்மா கிடந்தே கெட்டுப்போகும். உள்ளே ஈரம் உலர்ந்திருக்கும், ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். திடீரென்று முழு மின்னழுத்தமும் ஏறினால் அவை சூடாகி வெடிக்கலாம். டிரான்ஸ்பார்மரும் கூடவே போனால் மாற்று கிடைப்பது பெரும்பாடு. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உயிர்கொடுப்பவர்கள் உண்டு. நான் பழையதை நம்ப மாட்டேன், புதிதாக மாற்றிவிடுவேன்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு சின்னக் கெப்பாசிட்டர். இந்த செட்டில் வால்வு (பழைய கண்ணாடிக் குழல்) மூன்றுதான்: சிக்னலை வலுவாக்கி அடுத்த கட்டத்துக்குத் தரும் டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இரண்டு எஸ்2001. மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். டிரைவருக்கும் கடைசி வால்வுகளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கெப்பாசிட்டர் கசிந்தால், வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் இருக்க வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜ் குலைந்துவிடும். வால்வுகள் அளவில்லாமல் கரண்ட் இழுத்துச் சிவந்துவிடும். நான் முதலில் சரிசெய்த இதே மாடலில் மற்ற எல்லாவற்றையும் மாற்றினேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு ஜோடி வால்வு போயிற்று. நீங்கள் இதில் இருந்தே தொடங்குங்கள்.

மூடியைத் திறந்தால் எச்சரிக்கை தேவை. வால்வு பிளேட்டில் பல நூறு வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பகுதி சரியானதும், வால்வுகளைச் சூடாக்கும் முன்பக்கத்து ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வெறுமனே கேட்டுப் பாருங்கள். ரிசீவருக்கு வால்வு வேண்டாம்.

சரி, புதியது? தினமும் பேச வேண்டும், அவசரத்துக்கும் உதவ வேண்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300 மாதிரி செட்டில் எந்தெந்த அலைவரிசையில் பேச்சு நடக்கிறது என்பது திரையிலேயே தெரியும். டிஎஸ்-520இல் 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் கிடையாது, சூடேறும்வரை அலைவரிசையும் மெல்ல நகரும். ஆனால் புதியதில் ஒரு சிறப்புச் சிப் போனால் சால்டரிங் அயர்னோடு நீங்கள் செய்ய அதிகம் இல்லை. பழையதில் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டு மாற்றலாம்.

என் யோசனை: பேசுவதற்குப் புதியது வாங்குங்கள், அப்பாவுடையதை அவசரமில்லாமல் சரிசெய்யுங்கள். விற்காதீர்கள். அப்புறம், பரணில் அவர் பேசிய தொடர்புகளை எழுதி வைத்த லாக் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசிக் கட்டத்தை ஆன்டெனாவோடு பொருத்தும் பிளேட், லோட் குமிழ்களை எந்தப் பட்டைக்கு எங்கே வைத்தோம் என்று பலர் அதில் குறித்து வைப்பார்கள். ஆன்டெனா வேறாக இருந்தாலும், முதல் முறை டியூன் செய்யும்போது அந்த எண்கள் உங்களுக்கு உதவும்.