கலைந்தது, கலைத்தது: கருக்கலைப்புப் புள்ளிவிவரங்கள் குறித்த கேள்வி பதில்

மக்கள்தொகையியலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவருகிறேன். முதல் சில ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கேள்வித்தாள் நிரப்பினேன். அதன்பின் அந்தத் தாள்களில் சேர்ந்த எண்களை அலசும் வேலைக்கு வந்தேன். கருக்கலைப்பு வசதி, பிறப்பு விகிதம் ஆகியவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு பத்திரிகையாளர்: இந்தியாவில் ஆண்டுக்கு 7 லட்சம் கருக்கலைப்புகள் என்று ஓரிடத்தில் படித்தேன். ஒன்றரைக் கோடிக்கு மேல் என்கிறது இன்னொரு செய்தி. இருபது மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? எதை எழுதுவது?

இரண்டையும் எழுதலாம், எது எதை எண்ணியது என்பதையும் சேர்த்து எழுதினால். 7 லட்சம் என்பது அரசுப் பதிவேட்டில் ஏறிய கணக்கு. அனுமதி பெற்ற ஒரு மருத்துவமனையில் நடந்து, படிவம் நிரப்பப்பட்டு, அந்தப் படிவம் மேலே போய்ச் சேர்ந்தால்தான் ஒரு கருக்கலைப்பு அந்தக் கணக்கில் வரும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே விழுங்கியவர் அதில் இல்லை.

பெரிய எண் 2018 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்விலிருந்து வருகிறது. தமிழ்நாடு, பீகார், உத்தரப் பிரதேசம் உட்பட ஆறு மாநிலங்களில் மருத்துவமனைகளை நேரடியாக ஆய்வு செய்தார்கள். நாடு முழுவதுக்குமான கருக்கலைப்பு மாத்திரை விற்பனை விவரங்களையும் திரட்டினார்கள். வீணாகும் மாத்திரைகள், பலன் தராதவை ஆகியவற்றைக் கழித்துக் கணக்கிட்டதில் 2015ஆம் ஆண்டுக்கு 1.56 கோடி என்று வந்தது. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம். எஞ்சிய 5 சதவீதம் வேறு வழிகளில் நடந்தவை, பெரும்பாலும் ஆபத்தானவை.

ஒன்றரைக் கோடி என்பது மதிப்பீடு. முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 7 லட்சம் என்பது நடந்த கருக்கலைப்புகளின் எண்ணிக்கை அல்ல, கண்ணில் பட்டவற்றின் எண்ணிக்கை. அதை வைத்துக்கொண்டு 'நம் நாட்டில் கருக்கலைப்பு அரிது' என்று ஒருவர் பேசும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பதிவேட்டில் இல்லாத அந்தப் பெண்கள் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போய்விடுகிறார்கள்.

கள ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்: இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? பெண்களிடமே நேராகக் கேட்டால் என்ன?

நானும் அப்படி நினைத்துத்தான் களத்துக்குப் போனேன்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 'கரு கலைந்துவிட்டது', 'கருவைக் கலைத்துவிட்டேன்'. முன்னது தானாக நடந்தது, பின்னது செய்தது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்து. நான் பார்த்த கேள்வித்தாள்களில் 'கலைந்தது' நிறைய இருந்தது, 'கலைத்தது' அபூர்வம். ஒரு வீட்டில் ஓர் அம்மா எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்தார். கருக்கலைப்பு உண்டா என்றதற்கு இல்லை என்றார். மாமியார் உள்ளே போனதும் வாசல்வரை வந்து, "நாள் தள்ளிப்போனதுக்கு ஒருமுறை மாத்திரை போட்டேன், அதையும் எழுதணுமா?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. அது கருக்கலைப்பு என்ற சொல்லுக்குள் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. அமெரிக்காவில் நடக்கும் தேசியக் குடும்ப வளர்ச்சி ஆய்வில், உண்மையில் நடந்த கருக்கலைப்புகளில் ஏறக்குறைய 40 சதவீதமே பதிவாகிறது என்று கண்டிருக்கிறார்கள். தனி அறை, கணினித் திரை, ரகசிய உறுதி எல்லாம் இருந்தும் இந்த நிலை.

அதனால்தான் சுற்று வழிகள். எனக்குப் பிடித்தது பட்டியல் முறை. பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிப்போம். ஒரு குழுவுக்குச் சாதாரணமான நான்கு அனுபவங்களை வாசித்து, 'எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள்' என்போம். மற்றக் குழுவுக்கு அதே நான்கோடு கருக்கலைப்பையும் சேர்த்து ஐந்து. முதல் குழுவின் சராசரி 1.9, இரண்டாவதன் சராசரி 2.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.2. அதாவது ஐந்தில் ஒருவருக்கு அந்த அனுபவம் உண்டு. யார் அந்த ஒருவர் என்பது கேட்பவருக்கும் தெரியாது, கணக்கிடும் எனக்கும் தெரியாது. இதற்குப் பெரிய மாதிரி வேண்டும், பட்டியல் நீண்டால் சிலர் எண்ணிக்கையில் தடுமாறுவார்கள். இன்னொரு வழி, நெருங்கிய தோழியைப் பற்றிக் கேட்பது. தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுபவர் பெயர் குறிப்பிடாமல் தோழியைப் பற்றிச் சொல்லிவிடுவார். ஆனால் தோழி அவரிடமும் மறைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு திருத்தம் செய்தாக வேண்டும்.

முதுகலை மாணவி: கருக்கலைப்பு 'வீதம்', 'விகிதம்' என்று இரண்டு வருகின்றன. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. வீதம் என்பது கருத்தரிக்கும் வயதிலுள்ள 1,000 பெண்களுக்கு எத்தனை என்பது. விகிதம் என்பது 100 பிறப்புகளுக்கு எத்தனை என்பது. ஓர் ஊரில் அந்த வயதில் 1,000 பெண்கள், 80 பிறப்புகள், 20 கருக்கலைப்புகள் என்றால் வீதம் 20, விகிதம் 25. அடுத்த ஆண்டு கருக்கலைப்பு அதே 20, பிறப்பு மட்டும் 50 ஆகக் குறைந்தால் வீதம் மாறாது, விகிதம் 40 ஆகிவிடும். ஒரு கருக்கலைப்புகூட அதிகரிக்காமலே 'கருக்கலைப்பு பெருகிவிட்டது' என்று தலைப்பு போட்டுவிடலாம். தமிழில் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஆகவே சொல்லை விட்டுவிட்டுக் கீழே எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உலக அளவில் 2015 முதல் 2019 வரையிலான மதிப்பீடு ஆண்டுக்கு சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள். வீதமாகச் சொன்னால் 1,000 பெண்களுக்கு 39.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பல நாடுகளில் குழந்தைகளே பிறப்பதில்லை என்கிறார்கள். கருக்கலைப்பைத் தடுத்தால் பிறப்பு கூடாதா?

ஐயா, இதை ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. 1966 அக்டோபரில் ருமேனியாவின் ஆட்சியாளர் சௌசெஸ்கு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். அதுவரை எளிதாகக் கிடைத்த கருக்கலைப்பு ஒரே நாளில் ஏறக்குறைய முழுவதும் தடைசெய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கவில்லை. கருவள விகிதம் என்பது, ஓர் ஆண்டின் நிலவரப்படி ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுவார் என்ற கணக்கு. 1966இல் 1.9 என்றிருந்த அது 1967இல் 3.7 ஆனது. ஓராண்டில் இரட்டிப்பு. அந்தத் தலைமுறைக்கு 'ஆணைப் பிள்ளைகள்' என்றே பெயர் வந்தது.

வரைபடத்தை அங்கேயே நிறுத்தினால் தடை வென்றது போலத் தெரியும். தொடர்ந்து பாருங்கள். அடுத்த ஆண்டே கோடு இறங்கத் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் மீண்டும் 2-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆணை அப்படியே இருந்தது. பெண்கள் திருட்டு வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வழிகளின் விலை இன்னொரு வரைபடத்தில் இருக்கிறது. 1989இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 150-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். ஐரோப்பாவிலேயே மிக அதிகம் அது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்தது பாதுகாப்பற்ற கருக்கலைப்பால். அந்த டிசம்பரில் ஆட்சி விழுந்ததும் ஆணையும் நீக்கப்பட்டது. ஒரே ஆண்டில் தாய்மார் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புதிய மருத்துவமனைகள் எதையும் கட்டுவதற்கு அவகாசம்கூட இல்லாத ஓராண்டு.

வகுப்பில் இந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் காட்டுவேன். பிறப்பு வரைபடத்தை மட்டும் காட்டுவது நேர்மை ஆகாது.

அதே ஆசிரியர் தொடர்ந்து: அப்படியானால் பிறப்பு குறைவதற்குக் கருக்கலைப்பு காரணமே இல்லையா?

ஒரு காரணம்தான், முதன்மையானது அல்ல. திருமண வயது, கருத்தடை, தாய்ப்பால் கொடுக்கும் காலம், கருக்கலைப்பு எல்லாம் சேர்ந்துதான் பிறப்பைத் தீர்மானிக்கின்றன. ஒரு பெண் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. தென்கொரியாவைப் பாருங்கள். 1953இலிருந்து 2020 முடியும்வரை அங்கே கருக்கலைப்பு சட்டப்படி குற்றம், சில விதிவிலக்குகள் தவிர. அந்தத் தடை ஏட்டில் இருந்த காலத்திலேயே கருவள விகிதம் 6-க்கு அருகிலிருந்து 0.84 வரை இறங்கிவிட்டது.

ஜப்பானில் இன்னொரு விந்தை. 1966 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்பது நம்பிக்கை. 1965இல் 2.14 ஆக இருந்த விகிதம் 1966இல் 1.58 ஆக விழுந்து, மறு ஆண்டே மீண்டுவிட்டது. சட்டம் எதுவும் மாறவில்லை, தம்பதியர் தள்ளிப்போட்டார்கள். கருவள விகிதம் என்பது ஒரே ஆண்டின் நிழற்படம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. பெண்கள் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் காலத்தில் அந்தப் படம் உண்மையைவிட மெலிந்து தெரியும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: அமெரிக்காவில் 2022இல் பல மாநிலங்கள் தடை விதித்தபிறகும் மொத்தக் கருக்கலைப்பு கூடியிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் தடையால் ஒன்றும் ஆகவில்லை என்பதுதானே பொருள்?

மொத்த எண்ணிக்கை கூடியது உண்மை. 2023இல் மருத்துவ அமைப்புக்குள் நடந்தவை மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டின. தடையில்லாத மாநிலங்களில் வசதி பெருகியது, தொலைமருத்துவம் மூலம் மாத்திரை அஞ்சலில் போனது, பயணச் செலவுக்கு உதவி கிடைத்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு நாட்டின் மொத்தம் பதில் சொல்லாது. தடை உள்ள மாநிலங்களின் பிறப்புப் பதிவேட்டைத்தான் திறக்க வேண்டும். அங்கே கருக்கலைப்பைவிடப் பிறப்பு நம்பகமான பதிவு. பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் உண்டு.

2025இல் வெளியான ஓர் ஆய்வு, தடை விதித்த 14 மாநிலங்களில் தடை இல்லாதிருந்தால் எத்தனை பிறப்புகள் இருந்திருக்கும் என்று கணித்து, நடந்ததோடு ஒப்பிட்டது. 1.7 சதவீதம் கூடுதல். சுமார் 22,000 குழந்தைகள். சிறிய எண் என்று தோன்றுகிறதா? அந்தக் கூடுதல் எல்லார் மீதும் சமமாக விழவில்லை. இளையவர்கள், மணமாகாதவர்கள், கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள், அரசு மருத்துவக் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள், கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்கள் மீது அதிகமாக விழுந்தது. விடுமுறை எடுத்து வேறு மாநிலத்துக்குப் போக முடிந்தவர் போய்விட்டார். போக முடியாதவர் அந்த 1.7-க்குள் இருக்கிறார். அதே குழுவினரின் மற்றோர் ஆய்வில், சிசு மரணம் எதிர்பார்த்ததைவிட 5.6 சதவீதம் கூடியிருந்தது. பிழைக்க வழியில்லாத பிறவிக் குறைபாடு என்று தெரிந்த பின்னும் கருவைச் சுமந்து பெற வேண்டியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நாட்டுச் சராசரியில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும் இடத்தில்தான் பிரித்துப் பார்க்கும் வேலை தொடங்க வேண்டும்.

மருந்துக் கடை நடத்துபவர்: பெண் சிசுவைக் கலைக்க உதவியதாகிவிடுமோ என்று பயந்து மாத்திரையே வைப்பதில்லை. நான் செய்வது சரியா?

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் இந்த மாத்திரைக்கு அனுமதி ஒன்பது வாரம் வரை. ஸ்கேனில் பாலினம் நம்பகமாகத் தெரிவது அதற்குப் பல வாரம் பின்னால். ஆக, பாலினம் பார்த்துக் கலைப்பவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். அதைத் தடுக்கத்தான் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கேன் மையங்களைக் கட்டுப்படுத்துகிறது. மாத்திரையை மருத்துவர் சீட்டின் பேரில் விற்பது சட்டம் அனுமதிப்பதே. நீங்கள் திருப்பி அனுப்பும் பெண் அடுத்து எங்கே போகிறார் என்பதையும் யோசியுங்கள்.

ஒரு வாசகி: எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வாழ்நாள் முழுவதும் வருந்துவேன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றனவா?

எழுதியதற்கு நன்றி அம்மா. இதை நேராகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையிலான குழு, 2008 முதல் 2010 வரை 21 அமெரிக்க மாநிலங்களில் கருக்கலைப்பு மையங்களுக்கு வந்த ஏறக்குறைய 1,000 பெண்களைச் சேர்த்தது. ஒரு பிரிவினர் கருக்கலைப்புக்கான காலக்கெடுவுக்குச் சற்று உள்ளே வந்து கலைத்துக்கொண்டவர்கள். இன்னொரு பிரிவினர் கெடு தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஐந்து ஆண்டுகள் இரு பிரிவினரையும் தொடர்ந்தார்கள். சிலர் சற்றுத் தாமதமாக வந்தார்கள் என்பதைத் தவிர இரு பிரிவினரும் பெரிதும் ஒரே மாதிரியானவர்கள் என்பதே அந்த ஆய்வின் பலம்.

கலைத்துக்கொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்தாண்டு நெடுகிலும் தங்கள் முடிவு சரியே என்றார்கள். கலைத்ததால் மனநலம் கெட்டது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களே தொடக்கத்தில் அதிகப் பதற்றத்தில் இருந்தார்கள், பல ஆண்டுகள் கடனிலும் வறுமையிலும் சிக்கினார்கள். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: கலந்துகொள்ள அழைக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள்.

உங்களுக்கு வருத்தம் இருந்தால் அது தவறில்லை, இல்லாவிட்டாலும் தவறில்லை. வருத்தம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது என்றால் மனநல மருத்துவர் ஒருவரிடம் பேசுங்கள். மற்றவர்கள் உங்களுக்குச் சொன்ன அந்த ஆரூடத்துக்கு, நான் படித்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

முதுகலை மாணவி மறுபடியும்: ஒரு மாவட்ட மருத்துவமனைத் தரவைக் கொண்டு ஆய்வேடு எழுதுகிறேன். பெயர்களை நீக்கிவிட்டேன். போதுமா?

போதாது. 'வயது 17, மணமாகாதவர், இந்த ஒன்றியம், இந்த மாதம்' என்று அட்டவணையின் ஒரு கட்டத்தில் 1 என்று நின்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை மறையுங்கள், அல்லது வயதையும் இடத்தையும் அகலமாக்கிப் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும். அட்டவணை கொஞ்சம் அசிங்கமாகத்தான் தெரியும், வழிகாட்டி கேள்வி கேட்பார். அப்படியே விடுங்கள்.