மாட்டுத் தாதுஉப்புக் கலவை மீனுக்கு உதவுமா?

கேள்வி: குளத்தில் சாதா கெண்டை வளர்க்கிறேன். சோயா பிண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மீன்தூள் சேர்த்து நானே தீவனம் தயாரிக்கிறேன். மாடுகளுக்கான தாதுஉப்புக் கலவையை 2 சதவீதம் சேர்த்தும் வளர்ச்சி மந்தம்; சில மீன்களுக்குக் கண் வெளுத்திருக்கிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், முதலில் அதை நிறுத்துங்கள். அந்தக் கலவையில் பெரும்பங்கு கால்சியம். மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தை நீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும். தீவனத்தில் மிஞ்சும் கால்சியமோ தவிட்டிலும் சோயாவிலும் உள்ள ஃபைட்டிக் அமிலத்தோடு சேர்ந்து துத்தநாகத்தைக் குடலில் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். கெளுத்தி இனம் ஒன்றுக்கு, ஃபைட்டிக் அமிலம் இல்லாத சுத்திகரித்த தீவனத்தில் கிலோவுக்கு 20 மி.கி. துத்தநாகம் போதுமானதாக இருந்தது. ஃபைட்டிக் அமிலம் சேர்ந்தபோது 150 மி.கி. வரை தேவைப்பட்டது. பையில் அச்சிட்ட அளவை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாற நேரும்.

கண் வெளுத்த மீன் ஒன்றைப் பிடித்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் படலம்போல் இருந்தால் காயமாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். உள்ளே கண்வில்லையே (லென்ஸ்) பால்நிறமாகி, இரண்டு கண்களும் ஒரேபோல் இருந்தால் கண்புரை. துடுப்பின் ஓரமும் அரித்திருந்தால் துத்தநாகக் குறைவு என்ற சந்தேகம் வலுக்கும். கண்ணில் தங்கும் ஒட்டுண்ணிப் புழுவும் வில்லையை வெளுக்கச் செய்யும் என்பதால், இறந்த மீனின் வில்லையை நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது.

புழு இல்லையென்றால், 100 கிலோ தீவனத்துக்குச் சுமார் 14 கிராம் துத்தநாக சல்பேட் (ஒற்றை நீரேறியது, அதாவது மோனோஹைட்ரேட்) சேருங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 50 மி.கி. துத்தநாகம் கூடும். நேரடியாகக் கொட்டாமல், ஒரு கிலோ மாவில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தோடு பிசையுங்கள். உருட்டிய தீவனத்தின்மேல் தூவினால் பாதி குளத்து நீரில் கரைந்துபோகும்.

வளர்ச்சி மந்தத்துக்குப் பாஸ்பரஸ் குறைவும் காரணமாக இருக்கலாம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. அமிலம் சுரக்காததால் மீன்தூளின் எலும்பில் உள்ள பாஸ்பேட் அதற்கு அவ்வளவாகச் செரிக்காது. மாட்டுக் கலவையில் வழக்கமாக வரும் டைகால்சியம் பாஸ்பேட்டில் பாதி தேறினாலே அதிகம். மோனோகால்சியம் பாஸ்பேட் வாங்குங்கள். விலை கூடினாலும் பெரும்பகுதி உடலில் சேரும்.

மீனுக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் செலினியம் என்ற தாதுவை மட்டும் தனியாக வாங்கிக் கையால் கலக்காதீர்கள். தேவை கிலோ தீவனத்துக்குக் கால் மில்லிகிராம் அளவுதான். 13 முதல் 15 மி.கி. ஆனாலே சில மீனினங்களில் வளர்ச்சி குன்றியிருக்கிறது. வீட்டுத் தராசு இதற்கு உதவாது. மீன்களுக்கென்றே தயாரித்த கலவையில் வருவதே போதும்.