நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது, பதற்றம் மட்டும் குறையவில்லை!

கேள்வி: தொற்று பரவுவதால் வீட்டோடு அடைந்து கிடக்கிறேன். இரவில் தூக்கமில்லை. இசை கேட்டால் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். காலையிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, பலனில்லை. எந்த இசையை, எவ்வளவு நேரம் கேட்பது?

பதில்: காலையிலிருந்து ஓடுகிறது என்கிறீர்களே, சிக்கலே அதில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பாட்டு ஒரு பக்கம் ஓட, கண் போனில் தொற்று எண்ணிக்கையைத் துழாவிக்கொண்டிருந்தால் மனம் செய்தியோடுதான் போகும். கோவிட் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம், செய்திகளை நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள் என்று அறிவுறுத்தியது. முதலில் அதைச் செய்யுங்கள். பாட்டுக்கு என்று தனியாக இருபது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எந்த இசை? இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று சுற்றிவரும் பட்டியல்களை நான் பொருட்படுத்துவதில்லை. உங்களுக்குப் பழகிய, பிடித்த இசையே போதும். பிடித்த இசையில் மெய்சிலிர்க்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். அடுத்தவருக்கு இதம் தரும் இசை உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம்.

ஆனால் வரிசை முக்கியம். நெஞ்சு படபடக்கும்போது எடுத்த எடுப்பில் மெல்லிய புல்லாங்குழலைப் போட்டால் எரிச்சல்தான் வரும். இசை சிகிச்சையாளர்கள் வெகுகாலமாகக் கையாளும் உத்தி ஒன்று உண்டு: அப்போதைய மனநிலைக்கு ஈடான வேகத்தில் தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. நாலைந்து பாட்டு போதும். கடைசிப் பாட்டு நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளத் தட்டுக்குள் இருக்கட்டும்; ஓய்வாக இருக்கும்போது இதயம் துடிக்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அதோடு மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்.

சோகப் பாட்டு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டு அழுதபின் மனம் லேசானால் சரி. அதே பயம் திரும்பத் திரும்பச் சுழன்றால் மாற்றிவிடுங்கள்.

தூக்கத்துக்கு: படுக்கைக்குப் போகும்போது தினமும் அதே இசைத் தொகுப்பு, வரிகள் இல்லாததாக இருந்தால் நல்லது. வரிகள் இருந்தால் மனம் அவற்றின் பின்னாலேயே போகும். முப்பது நாற்பது நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். முதல் நாளே தூக்கம் சொக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில வாரங்கள் பிடிக்கும். இயர்போனை மாட்டிக்கொண்டே தூங்காமல் ஸ்பீக்கரில் மெதுவாக வையுங்கள். பகலில் இயர்போன் போட்டாலும் ஒலி 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

இசை பதற்றத்துக்குத்தான், தொற்றுக்கு அல்ல. பதற்றத்திலும் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும்தான். அதற்காக உண்மையான மூச்சுத் திணறலையோ நெஞ்சு வலியையோ பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டிப் பாட்டுக் கேட்டு உட்காராதீர்கள், உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் கெட்டு, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போனிலாவது பேசிவிடுங்கள்.