நீமோவின் கடலும் உயர்தரப் பாடத்தெரிவும்: வாழைச்சேனைத் தாயார் ஒருவருக்கு

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தங்கள் மகன், அனிமேஷன் படங்கள் எப்படி உருவாக்கப்பட்டன என்று விளக்கும் காணொளிகளையே நாள் முழுவதும் பார்ப்பதாகவும், அவற்றில் கேட்டவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதாகவும், தகப்பனாரோ கணிதப் பிரிவு, பொறியியல் பீடம் என்பதில் உறுதியாக நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தப் படக்கதை சோறு போடுமா என்பது தங்கள் கேள்வி. அந்தக் கொப்பியை வாங்கி ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பார்க்கும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள ஒவ்வொரு தகவலுக்குப் பின்னாலும் வெவ்வேறு தொழில் செய்த ஒருவர் இருக்கிறார். மகனின் மனம் அவர்களில் யாரிடம் போய் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பாடத்தெரிவைப் பற்றிப் பேச முடியும்.

அவர் விரும்பிப் பார்ப்பதாகத் தாங்கள் குறிப்பிட்ட ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கத்தில் பிக்சார் நிறுவனம் 2003இல் வெளியிட்ட அந்தப் படத்துக்காக, மீன்களின் உடலியக்கத்தை ஆராயும் ஆடம் சம்மர்ஸ் என்ற விஞ்ஞானி கலைஞர்களுக்குத் தொடர்ச்சியாக விரிவுரைகள் நடத்தினார். கோமாளி மீன் தன் பக்கச் செட்டைகளைத் துடுப்பைப் போல வலித்து நீந்துகிறது, வேறு சில மீன்கள் வாலை வீசி முன்னேறுகின்றன என்பதைப் படித்து விளங்கிக்கொண்ட பின்னரே அவர்கள் மீன்களை அசைக்கத் தொடங்கினார்கள். முருகைக்கற் பாறைக் காட்சிகளில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை முதலில் வரைந்திருந்தார்கள். அது குளிர்ந்த கடலில் மாத்திரமே வளரும் என்று ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும், செலவைப் பாராமல் அதை அக்காட்சிகளிலிருந்து அகற்றினார்கள். கணினியில் உருவாக்கிய கடல்நீர் சோதனைக் காட்சிகளில் நிஜக் கடலைப் போலவே அமைந்துவிட, படத்தின் கற்பனை உலகத்துக்குப் பொருந்தும்படி அந்த நிஜத்தன்மையைப் பிறகு குறைக்க வேண்டியும் வந்தது. உயிரியல், ஓவியம், கணினி நிரலாக்கம் ஆகிய மூன்றும் அந்த ஒரு படத்தில் ஒன்றாக உழைத்திருக்கின்றன. விரிவுரையும் மீன்தொட்டியும் சுழியோட்டமும் கொண்டு அந்தக் கலைஞர்கள் தேடிக் கற்றதில் ஒரு பங்கைத் தங்கள் மகன் பாசிக்குடாவிலும் வாழைச்சேனைத் துறைமுகத்திலும் செலவில்லாமல் பார்க்கலாம்.

தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியது இன்னொரு படத்தில் இருக்கிறது. 2012இல் வெளிவந்த ‘பிரேவ்’ படத்தில் மெரிடா என்ற பெண்ணின் செந்நிறச் சுருட்டைமுடி காற்றில் அசைவதைக் கணிக்க, முடியைச் சிறு திணிவுகளும் அவற்றை இணைக்கும் சுருள்விற்களுமாகப் பாவித்துக் கணக்கிட்டார்கள். சுருள்வில்லின் இழுவையையும் நீட்சியையும் தொடர்புபடுத்தும் ஊக்கின் விதி நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் படிக்கும் அதே விதிதான். உருவங்களைத் திருப்பவும் நகர்த்தவும் ஒளியைக் கணிக்கவும் காவிகளும் (வெக்டர்) திரிகோணகணிதமும் வேண்டும். ஆகவே கணிதப் பிரிவுக்கும் மகனின் ஆசைக்கும் பகை இருப்பதாக இருவருமே நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கணினிகளைப் பராமரிப்பவர்களைப் பற்றியது. ‘டாய் ஸ்டோரி 2’ தயாரிப்பில் இருந்த 1998ஆம் ஆண்டில், யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. காப்புப் பிரதி எடுக்கும் முறையும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்ற தொழினுட்ப இயக்குநரின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் தப்பியது. மகனின் கொப்பியில் இந்தச் சம்பவம் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதை எழுதாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை! இதன் பின்பகுதியைத்தான் பலர் எழுதுவதில்லை. அவ்வாறு மீட்ட படம் திருப்தி தராததால் அதன் பெரும்பகுதியை ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் மீண்டும் செய்தார்கள்; இரவு பகலாக உழைத்ததில் ஊழியர் பலருக்குக் கையும் மணிக்கட்டும் பாதிக்கப்பட்டன. இத்துறையில் தவணை நெருங்கும்போது வேலை அப்படித்தான் இருக்கும் என்பதை மகன் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

இனிப் பாடங்கள். கொப்பியில் முடி, நீர், ஒளி, மென்பொருள் என்பவை மிகுந்திருந்தால் கணிதப் பிரிவு பொருத்தமானது. இணைந்த கணிதம், பௌதிகவியல் ஆகியவற்றுடன் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்தால் கணினி விஞ்ஞானம் சார்ந்த பட்டங்களுக்கு வழி திறந்திருக்கும். ஆனால் பொறியியல் பீடத்துக்கு இரசாயனவியல் கட்டாயம் என்பதால் அந்த வழி அத்துடன் மூடிவிடும். தகப்பனாரும் மகனும் பாடங்களைப் பதிவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டிய ஒரே விடயம் இதுதான் என்பேன். முகபாவம், உருவமைப்பு, வர்ணம், கதை என்பவையே மிகுந்திருந்தால் கலைப் பிரிவில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்து, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கட்புல, தொழினுட்பக் கலைகள் கற்கைநெறியையோ மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்தையோ இலக்காக வைக்கலாம். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியுடன் உளச்சார்புப் பரீட்சையும் பார்க்கப்படும் கற்கைநெறிகள் இவை. தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அவ்வாண்டு அனுமதிக் கைந்நூலில் சரிபார்க்கவும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழினுட்ப நிறுவனங்களில் தகவல் தொழினுட்ப உயர் தேசிய டிப்ளோமா படிக்க இயலும்.

சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே மாதச் சம்பளத்துக்கு அனிமேஷன் வேலை கிடைக்கும் என்று நம்பி எந்தப் பிள்ளையையும் நான் அனுப்புவதில்லை. கொழும்பின் விளம்பர, விளையாட்டு மென்பொருள் நிறுவனங்களையும் இணையவழி ஒப்பந்த வேலைகளையும் நாட வேண்டியிருக்கும். சான்றிதழைவிடச் செய்த வேலையின் தொகுப்பையே அங்கே முதலில் கேட்பார்கள். அதைத் தொடங்கப் பெருஞ்செலவு தேவையில்லை. இலவச மென்பொருளான பிளெண்டரில் உருவாக்கப்பட்ட ‘ஃப்ளோ’ என்ற லாத்வியப் படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. பிக்சார் படங்களுக்குப் பின்னாலுள்ள கணிதத்தைக் கான் அகாடமி என்ற இணையவழிக் கல்வித் தளமும் பிக்சாரும் இணைந்து இலவசப் பாடங்களாகத் தந்திருக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருப்பதால் மகனின் ஆங்கிலமும் சேர்ந்து வளரும். பெறுபேறு வரும் வரையுள்ள காலத்தில், வீச்சுவலை எறியும் ஒருவரின் உடல் எப்படி முறுகித் திரும்புகிறது, கரையில் போட்ட மீன் எப்படித் துடிக்கிறது என்று நேரில் பார்த்துத் தினமும் வரையச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் கணினி பழையதாயின் இப்போதைக்குப் புதியது வாங்க வேண்டாம்.

நகரத்தில் யாராவது ஆறு மாதத்தில் அனிமேஷன் கலைஞராக்குவதாகச் சொல்லி முழுக் கட்டணத்தையும் முற்பணமாகக் கேட்டால், அந்த நிறுவனமும் குறித்த பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா என்று பாருங்கள். முன்னைய மாணவர்கள் தாமே செய்த வேலைகளைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.