பாதாம் தோட்டத்துக்கு வந்த கரோனா நிவாரணத்துக்கும் வரி உண்டா?

கேள்வி: சார், கலிபோர்னியாவில் மடேரா கவுண்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பாதாம் தோட்டம் இருக்கிறது. கணவர் பெயரில் இருக்கிறது, அவருக்கு வேலையில் ஆண்டுக்கு 1,20,000 டாலர் சம்பளம். 2020 நவம்பரில் கரோனா உதவியாக 9,260 டாலர் வந்தது. அது அரசு குடும்பங்களுக்கு அனுப்பிய ஸ்டிமுலஸ் செக் மாதிரிதான், காட்ட வேண்டாம் என்று கணக்கர் சொன்னதால் வரிக் கணக்கில் விட்டுவிட்டோம். இப்போது வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து சி.பி. 2000 என்று கடிதம் வந்திருக்கிறது. அந்த ஆண்டு தோட்டத்தில் 6,000 டாலர் நஷ்டம் காட்டியிருந்தோம். பணத்தையே திருப்பிக் கேட்பார்களா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கணக்கர் இரண்டு பணத்தையும் போட்டுக் குழப்பிவிட்டார். ஆளுக்கு 1,200 டாலர் வந்ததே, அந்த ஸ்டிமுலஸுக்கு வரி இல்லை. உங்களுக்கு வந்தது சி-ஃபேப் என்று விவசாயிகள் சொல்லும் கரோனா உணவு உதவித் திட்டத்தின் இரண்டாம் சுற்றுப் பணம். பாதாமுக்கு அதை 2019 விற்பனையை வைத்துக் கணக்கிட்டார்கள், முதல் 49,999 டாலருக்கு 10.6 சதவீதம், அடுத்த 50,000 டாலருக்கு 9.9 சதவீதம் என்று. அந்த வருடம் நீங்கள் சுமார் 90,000 டாலருக்கு விற்றிருப்பீர்கள், சரிதானே? விளைச்சலை விற்று வந்திருக்க வேண்டிய காசுக்குப் பதிலாக வந்த காசு என்பதால் விற்ற காசுக்கு உள்ள வரி இதற்கும் உண்டு. விவசாய வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் எஃப் படிவத்தில் 4-ஆவது வரிசையில் காட்டியிருக்க வேண்டும். அரசு கொடுத்த பணத்தைக் குறிக்கும் 1099-ஜி படிவம் உங்களுக்கு வந்தபோதே ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் ஒரு பிரதி போயிருக்கும், அதனால்தான் இந்தக் கடிதம்.

சி.பி. 2000 பில் இல்லை, 'இவ்வளவு வரும் என்று நினைக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்கும் கடிதம்தான். ஆனால் அதில் போட்டிருக்கும் தேதிக்குள் (வழக்கமாக 30 நாள்) பதில் போயாக வேண்டும். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன், சுயதொழில் வரி (சொந்தத் தொழில் லாபத்துக்கு வருமான வரி போகத் தனியாகக் கட்டுவது) எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 9,260-இல் நஷ்டம் 6,000 போனால் தோட்டத்தின் லாபம் 3,260 மட்டுமே, அதற்குச் சுயதொழில் வரி சுமார் 460 டாலர்தான். முழு 9,260-க்கும் போட்டிருந்தால் 1,300-க்கு மேல் வந்திருக்கும். அப்படி இருந்தால் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று குறித்து, திருத்திய ஷெட்யூல் எஃப்-பை இணைத்து அனுப்புங்கள். வருமான வரியில் மட்டும் இந்தக் கழிவு கிடையாது, ஏனென்றால் அந்த நஷ்டத்தை ஏற்கெனவே சம்பளத்தில் கழித்துவிட்டீர்கள். முழு 9,260-க்கும் 22 சதவீத அடுக்கில் வருமான வரி 2,037 டாலர் ஆகும். ஆக மொத்தம் 2,500 டாலர் சுற்றி, அப்புறம் வட்டி. குறைவாகக் கட்டிய வரி 5,000 டாலரைத் தாண்டாததால், பெரிய தொகையை விட்டதற்கான 20 சதவீத அபராதம் வரக்கூடாது. கவனக்குறைவு என்று சொல்லி அபராதம் போட்டிருந்தால், கணக்கர் சொன்னதை நம்பினோம் என்று எழுதி, அவர் அனுப்பிய மின்னஞ்சல் ஏதாவது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். கலிபோர்னியா மாநில வரியையும் மறக்க வேண்டாம், மத்தியக் கணக்கு இறுதியான பிறகு ஆறு மாதத்துக்குள் அங்கேயும் திருத்த வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பது வேறு விஷயம், அதைப் பார்ப்பது கவுண்டியில் இருக்கும் பண்ணைச் சேவை அலுவலகம், ஐ.ஆர்.எஸ். இல்லை. விண்ணப்பத்தில் விற்பனை எவ்வளவு என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள், பிறகு சிலரை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். பாதாம் வாங்கிய நிறுவனம் கொடுத்த 2019 கணக்குச் சீட்டுகள் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே அவர்களிடம் பிரதி கேளுங்கள். ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: தோட்டத்தை யாருக்காவது ரொக்கக் குத்தகைக்கு (விளைச்சலில் பங்கு இல்லாமல், பேசிய பணத்துக்கு) விட்டிருந்தீர்களா? அப்படியென்றால் விளைச்சலின் லாப நஷ்டம் குத்தகைக்காரருடையது, இந்த உதவியும் அவருக்குத்தான் சேரும். ஆள் வைத்து நீங்களே நடத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. எது என்று எனக்கு எழுதுங்கள், குத்தகை என்றால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதில் அனுப்பும் முன்பே எழுதிவிடுங்கள்.